குயில் குன்றுக்காரர்

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களை ஒரு தடவை தேனிக்கு அனுப்பி வைக்க வேண்டும். போடிக்குப் போகிற பஸ்ஸில் இடம் பிடிக்க நிற்கிறீர்களே, அந்தப் புதிய பஸ் நிலையத்துக்கே ஒரு வெள்ளைக்காரரின் பெயர்தான். வெளியே வந்தால் கடைப் பலகையில் அதே பெயர். லாரியின் நெற்றியிலும் அதே பெயர். அரிசி மண்டியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், மீசையும் கோட்டுமாக ஒரு துரை மாலை போட்டுக் கொண்டு நிற்கிறார். கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், முத்துப்பாண்டிக்கும் பெருமாளுக்கும் நடுவில் பென்னிகுயிக் என்று ஒரு பையன் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பான். ஆச்சரியப்படாதீர்கள். அவன் அசல் தமிழ்ப் பிள்ளைதான்!

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் இன்று சொல்ல வந்தது அந்தப் பெயரைப் பற்றி.

அது இங்கிலீஷ்காரப் பெயரே அல்ல. ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரத்துக்குத் தெற்கே, எஸ்க் என்ற ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. காகித ஆலைகளுக்குப் பேர் போன ஊராக இருந்தது. அந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட வம்சம் ஒன்று அங்கே நிலம் வைத்திருந்தது. நம் பக்கத்தில் 'வத்தலக்குண்டு வீட்டார்', 'பெரியகுளத்துக்காரர்' என்பதில்லையா, அதே மாதிரி. பின்னால் நிலம் கைமாறிப் போயிற்று. பெயர் மட்டும் கூடவே வந்தது. அதன் பொருளைக் கேட்டால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய பிரிட்டானிய பாஷையில் 'பென்' என்றால் தலை, குன்று. பின்பாதி குயிலைக் குறிக்கிறது. ஆகக்கூடி, குயில் குன்று. அந்த ஊர்க்காரர்கள் இதை 'பென்னிகுக்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். எழுத்தைப் பார்த்துப் படித்த நாம் 'குயிக்' என்று வைத்துக் கொண்டோம். நம்முடைய உச்சரிப்பில்தான் குயில் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஜான் பிறந்தது ஸ்காட்லாந்தில் அல்ல, பூனாவில். 1841 ஜனவரி 15. தகப்பனாரும் ஜான்தான், ராணுவத்தில் பிரிகேடியர். 1849-ல் பஞ்சாபில் சீக்கியர்களோடு நடந்த சிலியன்வாலா சண்டையில் அவர் மாண்டார். தகப்பனாரோடு படையில் இருந்த பிள்ளை அலெக்சாந்தரும் அன்றைக்கே மாண்டான். அவனுக்குப் பதினேழு வயசு. அந்தத் தேதி ஜனவரி 13. இரண்டே நாள் கழித்து இளையவன் ஜானுக்கு எட்டாவது பிறந்த நாள். ஒரே நாளில் புருஷனையும் பிள்ளையையும் பறி கொடுத்த அந்தத் தாய், இந்தப் பிள்ளையை மறுபடியும் இந்தியாவுக்கே எப்படி அனுப்பினாளோ! 1860-ல் அவர் சென்னை ராஜதானிக்கு வந்து சேர்ந்தார். துப்பாக்கிக்குப் பதிலாக அளவு நூலைப் பிடிக்கிற எஞ்சினீயர் பட்டாளம்.

இனி அணைக்கு வருவோம். போடி மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களை நனைக்கிற மழை, மலைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. மேற்கே பெரியாறு வெள்ளமாய்ப் புரண்டு கடலுக்குப் போகும். கிழக்கே மதுரைச் சீமை வைகை மணலைத் தோண்டிக் கொண்டிருக்கும். அந்தத் தண்ணீரைத் திருப்பினால் என்ன என்ற யோசனை வெள்ளைக்காரர் மூளையில் முதலில் உதித்ததல்ல. 1789-ல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பணமில்லாமல் நின்றது. 1808-ல் கால்டுவெல் என்ற கும்பினி எஞ்சினீயர், இது வெறும் கனவு என்று ஒதுக்கி விட்டார். 1876-ல் வந்தது தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகுதான் சர்க்காருக்கு அவசரம் பிறந்தது. பென்னிகுயிக் திட்டம் தீட்டினார். 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருஷத்துக் குத்தகை எழுதினார்கள். எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. ஆற்றை மறிக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக் கொண்டு போயிற்று. யானைக் காடு. கோடையில் மலேரியா ஜுரம் வந்து முகாமையே காலி பண்ணி விடும். கடைசியில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் சேர்ந்து நின்றன. மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, மேற்கே போகிற தண்ணீரைக் கிழக்கே விட்டார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

இங்கே ஒரு கதை உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். சர்க்கார் பணம் தர மறுத்து விட்டது. துரை சீமைக்குப் போய்ச் சொத்தை விற்று, மனைவியின் நகைகளையும் விற்று, அணையை முடித்தார் என்பது கதை. கேட்கும்போது கண்ணில் நீர் வராமல் இருக்காது. ஆனால் அணைக்குச் செலவானது ஒரு கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்; அது சென்னை சர்க்காரின் கஜானாப் பணம். அந்தக் காலத்து ஒரு கோடி, சகோதரிகளே! எந்த மகராசியின் நகைப்பெட்டியில் அத்தனை இருக்கும்?

கதையைப் பொய் என்று அடித்துப் பேச நான் வரவில்லை. நம் ஜனங்களுக்கு ஒருவர் செய்த தியாகத்தை அளக்கத் தெரிந்த படி தாலிக்கொடியும் நகையும்தான். ஒரு குடும்பம் நகையை விற்றது என்றால் அதற்கு மேல் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். அதனால் நகையை அங்கே கொண்டு வந்து வைத்து விட்டார்கள். எனக்கு இருக்கிற குறை வேறு. ஜுரத்திலும் வெள்ளத்திலும் அந்தக் காட்டில் செத்துப் போன கூலிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மண் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி இருந்தாள், அவள் காதிலும் ஒரு பொட்டுத் தங்கம் இருந்திருக்கும். ஆள் போன பிறகு அது எந்த அடகுக் கடைக்குப் போயிற்றோ. அந்தக் கதையை யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

திறந்து வைத்தாரே வென்லாக் பிரபு, அவர் குடும்பப் பெயர் லாலி. இதுதான் அசல் பழைய இங்கிலீஷ்ப் பெயர். ஷ்ராப்ஷயரில் அதே பெயரில் ஒரு கிராமம் உண்டு. அண்ணன் கவர்னர், பிறகு 1906-ல் தம்பி ஆர்தர் லாலியும் இங்கே கவர்னராக வந்தார். மங்களூர் பெரிய ஆஸ்பத்திரி, ஊட்டிப் புல்வெளி இரண்டிலும் வென்லாக் இருக்கிறார். கோயம்புத்தூர் லாலி ரோடில் தினமும் ஆயிரம் பேர் போகிறார்கள். சர்க்கார் வைத்த பெயர்கள். அந்த ரோடில் குடியிருக்கிற எவராவது தம் பிள்ளைக்கு லாலி என்று பெயரிட்டதாகக் கேட்டதுண்டா?

பென்னிகுயிக் விஷயத்தில் சர்க்கார் கடைசியாகத்தான் வந்தது. லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்தது 2013-ல். அவர் கடைசி நாட்களைக் கழித்து 1911-ல் காலமான கேம்பர்லியில் தமிழக அரசு சிலை வைத்தது 2022-ல். அதற்கெல்லாம் முன்பே பாலார்பட்டியில் தை மாதம் அவர் பெயரைச் சொல்லிப் பானை வைத்தாகி விட்டது. பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வந்து விட்டதும் ஒரு பொருத்தந்தான்! சீமையில் அவருடைய ஒரே மகன், மூன்றாவது ஜான், பெரிய நீதிபதியாகி 1982-ல் காலமானார்.

போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் பொட்டிபுரம் என்று ஒரு கிராமம். நியூட்ரினோ ஆராய்ச்சிக்காக மலையைக் குடையப் போகிறார்கள் என்று 2015 முதல் பத்திரிகைகளில் அடிபட்ட ஊர். மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் என்றதும், எதிர்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்விகளில் ஒன்று, பெரியாறு அணைக்கு ஏதும் ஆகாதே என்பதுதான். ஆகாது என்றார்கள் விஞ்ஞானிகள். ஜனங்கள் ஒப்பவில்லை. 2022-ல் தமிழக அரசும் சுப்ரீம் கோர்ட்டில் அனுமதிக்க முடியாதென்று சொல்லி விட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் பௌதிகம் போதாது. ஆனால் அந்தப் பயத்தைக் கேலி செய்கிறவர்கள், தேவாரம் பக்கத்துக் கண்மாய்க் கரையில் பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வந்தால் நாற்று நடவு உண்டு, கூலி உண்டு. வராவிட்டால் விடியுமுன் ஜீப்பில் ஏறி, ஏலக்காய் பறிக்க மலைக்குப் போக வேண்டும்.