எண்ணும் பொன்னும்

தேசம் வளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். 2023-24-ஆம் வருஷத்தில் நாம் 8.2 சதவிகிதம் வளர்ந்ததாக 2024 மே மாதக் கடைசியில் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில், "அவ்வளவல்ல, 9.2 சதவிகிதம்" என்று திருத்தினார்கள். முடிந்துபோன வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது! அதே பத்திரிகைகளின் மற்றொரு பக்கத்தில் பொன் விலை வெளியாகிறது. உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 2025 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டிற்று. அதே வருஷம் அக்டோபரில் 4,000 டாலரையும் தாண்டிற்று. நாளையைப் பற்றி உலகம் நிம்மதியாக இருக்கும் காலங்களில் பொன் இவ்விதம் பறப்பது வழக்கமில்லை. ஒரு பக்கம் "பயப்படாதே" என்கிறது. மறு பக்கம் "பயந்துகொள்" என்கிறது. மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் சில ஆயிரம் ரூபாயை எங்கே வைப்பதென்று யோசிக்கும் குடும்பஸ்தர் எந்தப் பக்கத்தை நம்புவது?

முதலில் அந்த வளர்ச்சி எண்ணைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம்.

தேச வருமானத்தை எண்ணால் அளப்பது நமக்குப் புதிதன்று. தாதாபாய் நவரோஜி 1867-68-ஆம் வருஷக் கணக்குகளை வைத்துக்கொண்டு, தலைக்கு வருஷம் 20 ரூபாய்தான் வருமானம் என்று காட்டினார். சிறையிலிருக்கும் கைதிக்கு ஆகும் உணவு, உடைச் செலவைக்காட்டிலும் அது குறைவு என்று அவர் எடுத்துச் சொன்னபோது ஆளவந்தவர்களுக்கு அது ரசிக்கவில்லை. பின்னர் 1901-இல் கர்ஸன் பிரபு தலைக்கு 30 ரூபாய் என்றார். தேசம் முன்னேறிவருகிறது என்பதற்கு அதையே அத்தாட்சியாகவும் காட்டினார். ஏறக்குறைய அதே சமயத்தில் வில்லியம் டிக்பி, தமது கணக்கில் 18 ரூபாய்கூடத் தேறவில்லை என்றார். டிக்பி சென்னையில் பத்திரிகாசிரியராக இருந்தவர். 1877-ஆம் வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். ஒரே தேசம், ஒரே ஜனங்கள், எண்கள் மட்டும் இரண்டு. கணக்கின் விடை, கணக்குப் போடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது போலும்!

இந்தக் கதை அந்நிய ஆட்சியுடன் முடிந்துவிடவில்லை. 2015-ஆம் வருஷத் தொடக்கத்தில் நமது புள்ளிவிவர இலாகா, 2011-12-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு புதிய முறையில் கணக்கிட்டது. பழைய கணக்கில் 4.7 சதவிகிதமாயிருந்த 2013-14-ஆம் வருஷ வளர்ச்சி, புதிய கணக்கில் 6.9 சதவிகிதமாயிற்று. வயலில் ஒரு கதிர் கூடவில்லை. ஆலையில் ஒரு கஜம் துணி கூடவில்லை. கணக்கு முறையை அவ்வப்போது புதுப்பிப்பது அவசியந்தான், உலகமெங்கும் செய்கிறார்கள், அதில் மோசடி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சர்க்காரின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்து விலகிய அரவிந்த் சுப்பிரமணியனே 2019-இல், 2011-12 முதல் 2016-17 வரையில் வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் இரண்டரை சதவிகிதம் மிகையாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்று எழுதினார். சர்க்கார் அதை மறுத்தது. நிபுணர்களுக்குள் வாதம் ஓயவில்லை.

இந்தச் சச்சரவில் சாமானியர்களாகிய நாம் நடுவர்களாக உட்கார முடியாது. முடிந்ததைச் செய்யலாம்: வளர்ச்சி உண்மையானால் வேறு எங்கெங்கே அதன் தடம் தெரிய வேண்டுமோ, அங்கெல்லாம் தேடலாம். வளர்ந்த தேசங்களின் சரித்திரத்தில் ஜனங்கள் வயலை விட்டு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். நம் தேசத்தில், சர்க்காரின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படியே, வேலை செய்வோரில் விவசாயத்தை நம்பியிருந்தவர்கள் 2018-19-இல் 42.5 சதவிகிதம், 2023-24-இல் 46.1 சதவிகிதம். கொள்ளை நோய்க் காலத்தில் ஊர் திரும்பியவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை என்றுதான் இதற்குப் பொருள். இன்னொன்று: 2022-23-இல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, தேச உற்பத்தியில் சுமார் ஐந்து சதவிகிதமாக இறங்கிவிட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டில் காணாத தாழ்வு. வீடு வாங்கக் கடன் பட்டதும் இதற்கு ஒரு காரணம் என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் தட்டு முட்டுச் சாமான் வாங்கவும், வைத்தியத்துக்கும், பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் கடன் பட்டவர்களும் அந்தக் கணக்கில்தானே இருக்கிறார்கள்?

தேச வருமானக் கணக்குக்கு அமெரிக்காவில் அஸ்திவாரம் போட்ட ஸைமன் குஸ்நெட்ஸ், 1934-இல் தாம் சமர்ப்பித்த முதல் அறிக்கையிலேயே, இந்த எண்ணைக்கொண்டு ஜனங்களின் நல்வாழ்வை நிர்ணயித்துவிடக் கூடாதென்று எச்சரித்திருக்கிறார். வீட்டில் அம்மா சமைத்தால் தேச வருமானத்தில் ஒரு காசு ஏறாது. அதே சாம்பாரை ஹோட்டலில் வாங்கினால் ஏறும். கிணறு வற்றிக் குடிநீரைப் புட்டியில் வாங்கத் தொடங்கினால், அதுவும் வளர்ச்சிதான்!

நிற்க. எண்ணில் சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக நேரே நகைக் கடைக்கு ஓடிவிடலாமா? தங்கத்துக்கும் சரித்திரம் உண்டு. அதையும் விசாரிக்க வேண்டியதுதான்.

1929-க்குப் பிறகு உலகெங்கும் விலைகள் விழுந்தன. சென்னை மாகாணத்தில் நெல் விலை இரண்டு மூன்று வருஷங்களில் ஏறக்குறைய பாதியாயிற்று. நிலவரியோ பணத்தில் நிர்ணயிக்கப்பட்டது; கடனும் வட்டியும் பணத்தில்தான். முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்தியை இப்போது இருபது மூட்டை விற்றுக் கட்ட வேண்டும். இந்த நிலைமையில் 1931 செப்டம்பர் 21-ஆந் தேதி பிரிட்டன் தங்க நாணயப் பிரமாணத்தைக் கைவிட்டது. ரூபாயை ஸ்டெர்லிங்குடன், பழைய ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் விகிதத்திலேயே, கட்டிப் போட்டார்கள். சட்டப்படி ஒரு தோலா தங்கம் 21 ரூபாய் 3 அணா 10 பையாக இருந்தது. சில மாதங்களில் சந்தை விலை 30 ரூபாயை நெருங்கிற்று. கிராமங்களில் குடியானவர் வீட்டுப் பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்தது கடைத் தெருவுக்கு வந்தது. அங்கிருந்து பம்பாய்த் துறைமுகம், அங்கிருந்து லண்டன். அந்தப் பத்தாண்டுகளில் 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பொன் தேசத்தை விட்டு வெளியேறிற்று. ஏற்றுமதியைத் தடை செய்யுங்கள் என்று இந்திய வர்த்தக சங்கங்கள் முறையிட்டன. சர்க்கார் மறுத்துவிட்டது. நல்ல விலை கிடைக்கும்போது ஜனங்கள் விற்று லாபமடைகிறார்கள் என்பது அதிகாரிகள் தரப்பு வாதம். தாலிக்கொடியைக் கழற்றிக் கிஸ்தி கட்டியவள் லாபமடைந்தாளாம்! நம்மவர்கள் அதற்கு 'துயரப் பொன்' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே பதில் இருக்கிறது.

அன்று 30 ரூபாய்க்கு விற்றது, 1947-இல் தோலா நூறு ரூபாயைத் தொட்டது. விற்றவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று கூறுவதற்கில்லை. அவர்களுக்குக் காத்திருக்க வழியில்லை. நிலம் ஏலத்துக்குப் போகாமல் தப்பியது பலருக்கு அந்தப் பொன்னால்தான். இது முதலீட்டின் கதையன்று, பத்தாயத்தின் கதை. பஞ்ச காலத்தில் பத்தாயத்தை யாரும் லாபம் பார்த்துத் திறப்பதில்லை.

காகிதத்தை நம்பியவர்களின் கதியோ நம் பக்கத்தில் நன்றாகத் தெரிந்ததே. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது சென்னையில் எத்தனையோ விதவைகளின், பென்ஷன்காரர்களின் ஆயுட்கால மிச்சம் ஒரே நாளில் போயிற்று. அந்தத் துக்கத்திலிருந்துதான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி பிறந்தது. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி முறிந்தது. இவற்றைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார்கள் இடுப்புச் சாவிக் கொத்தை நம்பினதில் ஆச்சரியமில்லை.

ஆனால் பொன்னும் பொய் சொல்லும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலருக்கு ஏறிய தங்கம், 1999-இல் 250 டாலரளவுக்கு இறங்கிக் கிடந்தது. ரூபாயின் மதிப்பு விழுந்துகொண்டே வந்ததால் நமக்கு அந்த வீழ்ச்சி கண்ணில் படவில்லை. 1980-இல் பத்துக் கிராம் சுமார் 1,330 ரூபாய், 2000-த்தில் சுமார் 4,400 ரூபாய். மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்றே என்று மகிழலாம். ஆனால் அந்த இருபது வருஷங்களில் சாமான்களின் விலை ஐந்து மடங்காயிற்று! பெட்டியிலிருந்த பொன் கிராமில் குறையவில்லை, அரிசியில் குறைந்தது. வெகு தூரம் போவானேன்? 2012-இல் பத்துக் கிராம் 31,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2018-லும் ஏறக்குறைய அதுவேதான். அந்த ஆறு வருஷமும் பெண் கல்யாணத்துக்கென்று காத்திருந்தவர்களுக்கு வட்டியும் இல்லை, ஏற்றமும் இல்லை. இப்போது ஏறுகிறதே என்று கடன் வாங்கித் தங்கம் வாங்குகிறவர்கள் இந்த எண்களை ஒரு தரம் படிப்பது நல்லது.

பொன் விலையில் சர்க்காரின் கையும் உண்டு. 2024 ஜூலை 23-ஆந் தேதி இறக்குமதி வரியை 15 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாகக் குறைத்ததும் சென்னையில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் இறங்கிற்று. முந்தின நாள் வாங்கியவர்களின் மனநிலையை வர்ணிக்க வேண்டியதில்லை.

நமது சர்க்கார்கள் பொன் விஷயத்தில் ஊருக்குச் செய்யும் உபதேசமும் தமக்கென்று வைத்துக்கொள்ளும் வழக்கமும் வேறு வேறு. பொன் சோம்பேறிச் சொத்து, தேசத்தின் அந்நியச் செலாவணியைத் தின்கிறது என்பார்கள். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. கோலார் சுரங்கமும் 2001-இல் மூடப்பட்டுவிட்டது, ஏறக்குறைய எல்லாத் தங்கமும் வெளியிலிருந்துதான் வருகிறது. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் புது நகையே செய்யக் கூடாதென்று கட்டுப்பாடு கொண்டுவந்தார். பொற்கொல்லர்கள் பல்லாயிரவர் பிழைப்பிழந்தார்கள்; சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். ஜனங்களின் பொன்னாசை குறைந்ததா என்றால், கள்ளக் கடத்தல்தான் வளர்ந்தது. கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் ஒழிந்தது. மறு வருஷமே தேசத்துக்கு நெருக்கடி வந்தது. சில வார இறக்குமதிக்கும் போதாத செலாவணியை வைத்துக்கொண்டு திண்டாடிய சர்க்கார், 1991 மே மாதம் 20 டன் தங்கத்தை ஸ்விட்ஸர்லாந்து பாங்கி ஒன்றுக்கு விற்றது. ஜூலையில் ஏறக்குறைய 47 டன்னை பாங்க் ஆப் இங்கிலாந்திலும் பாங்க் ஆப் ஜப்பானிலும் அடகு வைத்துச் சுமார் 40 கோடி டாலர் வாங்கிற்று. சோம்பேறிச் சொத்துதான் அன்று மானத்தைக் காப்பாற்றியது. ரிசர்வ் பாங்கி 2009-இல் சர்வதேச நிதியத்திடமிருந்து 200 டன் வாங்கிற்று. 2023-24-இல் லண்டனிலிருந்த தன் பொன்னில் 100 டன்னை இந்தியாவுக்கே கொண்டுவந்துவிட்டது. ரிசர்வ் பாங்கியும் பாட்டியைப் போலத்தான் யோசிக்கிறது.

2015 நவம்பரில் வெளியிட்ட தங்கப் பத்திரத்தை மட்டும் சர்க்காரின் நல்ல ஏற்பாடுகளில் சேர்க்கலாம். கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு எட்டு வருஷம் கழித்து 6,132 ரூபாய் கொடுத்தார்கள். இடையில் வட்டியும் உண்டு. ஆனால் விலை ஏற ஏறச் சர்க்காருக்குப் பாரம் தாங்கவில்லை போலிருக்கிறது. 2024 பிப்ரவரி வெளியீட்டுக்குப் பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

குடும்பத்தின் விஷயத்தில் நகையையும் தங்கத்தையும் ஒன்றென்று எண்ணுவதுதான் பெரிய நஷ்டம். ஒரு லக்ஷம் ரூபாய்த் தங்கத்தில் ஒரு சங்கிலி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். செய்கூலியும் சேதாரமுமாக 15 சதவிகிதம் என்றால் 1,15,000. அதன்மேல் 3 சதவிகித வரி சேர்ந்து 1,18,450. மறுநாள் அதே கடையில் விற்றால் ஒரு லக்ஷத்துக்கு மேல் ஒரு தம்பிடி கிடைக்காது. தங்கம் 18 சதவிகிதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். அணிவதற்காக வாங்கினால் அந்தப் பதினெட்டாயிரம் ஆசைக்குக் கொடுத்த விலை. அதைக் குறைசொல்ல நான் யார்? சேமிப்பதற்காகத்தான் என்றால் முத்திரையிட்ட நாணயமோ கட்டியோ வாங்குவதே புத்திசாலித்தனம்.

இதில் பெண்கள் சொல்லும் ஒரு வாதத்துக்குப் பொருளாதார நிபுணர்களிடம் பதில் இல்லை. வீடு புருஷன் பேரில், பாங்கிக் கணக்கின் ரகசிய எண் பிள்ளையின் கையில். ஸ்திரீதனமாக வந்த நகை ஒன்றுதான் அவளுடையது, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. வருஷத்துக்கு எத்தனை சதவிகிதம் வளரும் என்பதற்காக அவள் அதை வைத்திருக்கவில்லை. யாரையும் கேட்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், ஒரு மணி நேரத்தில் பணமாக்கலாம் என்பதற்காக வைத்திருக்கிறாள்.

வளர்ச்சி எண் உயர்ந்துகொண்டிருந்த இந்த வருஷங்களில்தான் நகை அடகுக் கடன்களும் வெகு வேகமாகப் பெருகின. விலை உயர்ந்ததால் அதே வளையலுக்கு அதிகக் கடன் கிடைத்ததும், 2023 நவம்பரில் ஈடில்லாக் கடன்களை ரிசர்வ் பாங்கி இறுக்கியதும் இதற்குக் காரணங்கள். இவற்றைக் கழித்துவிட்டாலும் மிச்சம் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். அந்த மிச்சம் எந்த வளர்ச்சிக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. 2025 ஏப்ரலில் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட நகரல் விதிகள், அடகு வைக்கும் நகை தம்முடையதே என்பதற்கு அத்தாட்சி கேட்டன. பாட்டி போட்ட காசுமாலைக்கு ரசீது எங்கே போய்த் தேடுவது? தமிழ்நாட்டில் எழுந்த ஆட்சேபம் கொஞ்சநஞ்சமல்ல. ஜூன் மாதம் வந்த இறுதி விதிகளில் கடுமை தணிந்தது. இரண்டரை லக்ஷம் ரூபாய் வரையில் சிறு கடன்களுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்றும், 2026 ஏப்ரல் முதல் தேதிக்குள் அமலுக்கு வர வேண்டும் என்றும் குறித்தார்கள். அடகு வைப்பவர்கள் 85 சதவிகிதத்தையும் வாங்கிவிடாமலிருப்பது நலம். வட்டி ஏறி, பொன் விலை சற்றே இறங்கினாலும், ஏல நோட்டீஸ் அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.