பெயின்ட் அடித்தால் படிவம் மாறுமா?

மத்திய அரசின் இணையதளங்கள் எல்லாம் ஒரே முகத்துடன் இருக்க வேண்டும் என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 பிப்ரவரியில் ஒரு கையேடு வெளியிட்டது. அரசுச் சின்னம், நிறத் தொகுப்பு, எழுத்துரு எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. எழுத்துரு நோட்டோ சான்ஸ். சந்தோஷம். ஆனால், அரசுத் தளத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் எவரும் எழுத்துரு சரியில்லை என்று புலம்பியதில்லை. அவர்களைப் படுத்துவது படிவம்.

பிறந்த தேதியையே எடுத்துக்கொள்வோம். பல தளங்களில் கட்டத்தைத் தொட்டதும் நாள்காட்டி விரியும், அதுவும் நடப்பு மாதத்தில். 1958 ஜனவரியில் பிறந்த ஓய்வூதியர் 2025 ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகப் பின்னால் போனால், அம்புக்குறியை 804 முறை அழுத்த வேண்டும். ஆண்டைத் தனியே தேர்வு செய்யலாமே என்பார்கள். அந்த வசதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? 2018-ல் வெளிவந்த பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டத்தை, அதாவது அரசுத் தளங்களுக்கான பொது வடிவமைப்புத் தொகுப்பைப் பாருங்கள். நாள், மாதம், ஆண்டு என மூன்று வெற்றுக் கட்டங்கள். எண்களைத் தட்டினால் வேலை முடிந்தது. தவறாக நிரப்பினால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்குக்கூட அதில் வாசகம் தயார். ஒரு துறை பட்டுத் தெரிந்துகொண்டதை அடுத்த துறை அப்படியே எடுத்துக்கொள்கிறது. டிசைன் சிஸ்டத்தின் பயனே அதுதான்.

பெயருக்கு வருவோம். ஒரே கட்டம் வைத்தால்தான் பலவகைப் பெயர்களுக்கும் இடமிருக்கும் என்கிறது பிரிட்டன். நம் பான் கார்டுக்கான 49ஏ படிவமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. இனிஷியல் கூடாது என்றது. தமிழர் என்ன செய்வார்? அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிக்கொடுத்துவிட்டு, ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று அலைவார். நோட்டோ சான்ஸில் அச்சிட்டால் அந்த அலைச்சல் தீருமா?

நம் அரசுத் தளங்களுக்கும் யுஎக்ஸ்4ஜி என்ற பெயரில் ஆயத்தப் பாகங்கள் இருக்கின்றனவே என்று அதிகாரிகள் மடக்கலாம். பரணில் பாத்திரம் இருந்தால் அடுப்பில் சோறு வெந்துவிடாது. ஒரே அச்சில் வார்த்தால் படைப்பாற்றல் செத்துவிடும் என்பது வடிவமைப்பாளர்களின் ஒப்பாரி. ஓய்வூதியப் படிவத்தில் யார் கேட்டார்கள் உங்கள் படைப்பாற்றலை? அலங்காரமே இல்லாத பிரிட்டன் அரசுத் தளம்தான் 2013-ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை அள்ளியது.

இன்னொரு கையேடு வேண்டாம். தேதி, பெயர், முகவரி, பிழைச் செய்தி ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்தி, எல்லாத் துறைகளுக்கும் கட்டாயமாக்குங்கள். அரசு அலுவலகக் கவுன்ட்டர்களில் பாதிக் கூட்டம் ஒரே ஆண்டில் கரைந்துவிடும். இடைத்தரகர்கள் வேறு பிழைப்பு தேட வேண்டியதுதான்.