லேபல் பொய் சொல்லேல்ல, நான்தான் பிழையா வாசிச்சன்

போன எபிசோட்டில ஹைபிரிட் காரைப் பற்றிக் கதைக்கேக்க, "லேபலில இருக்கிற நம்பர் எல்லாம் சும்மா" என்று வாய் விட்டிட்டன். அதைத் திருத்தத்தான் இந்த வாரம் எழுதுறன்.

என்ட அம்மா ஸ்காப்ரோவில வயது போன ஆக்களின்ட வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்யிறா. ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில மூன்று, நாலு கிலோமீற்றர். பெற்றோல் காசு அவவின்ட கையிலிருந்துதான் போகும். இரண்டு வருசத்துக்கு முதல் நான்தான் ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக் காட்டி, கூடக் காசு குடுத்து ஹைபிரிட் வாங்கப்பண்ணினன். லேபலில 100 கிலோமீற்றருக்கு 4.9 லீட்டர், நகரத்துக்குள்ள 4.7. அம்மா நகரத்துக்குள்ளதானே ஓடுறா, இன்னும் நல்லா வரும் என்று நினைச்சன். ஜனவரியில பம்பில நிரப்பிக் கணக்குப் பார்த்தா 7.1.

"தம்பி, நீ சொன்ன கணக்கு எங்க போச்சு?" என்று கேட்டா. கம்பியூட்டர் சயன்ஸ் படிச்சவனிட்ட பதில் இல்லை.

பிறகுதான் அந்த நம்பர் எப்பிடி வருது என்று தேடினன். கனடாவில 2015 மொடலில இருந்து ஐந்து சோதனை: நகரம், நெடுஞ்சாலை, குளிர், ஏசி, வேகம். எல்லாம் ஆய்வுகூடத்துக்குள்ள, உருளைகளுக்கு மேல. நகரச் சோதனை 31 நிமிசம், 23 இடத்தில நிப்பாட்டி எடுக்கும். குளிர்ச் சோதனையும் அதே ஓட்டம்தான், ஆனா −7 பாகையில. அந்த ஐந்தையும் சேர்த்துக் கலந்துதான் லேபலுக்கு வருது. கூட்டு எண் 55 சதவீதம் நகரம், 45 சதவீதம் நெடுஞ்சாலை என்று எடுத்தது.

இப்ப அம்மாவின்ட நாளைப் பாருங்க. ஏழு நிமிச ஓட்டம், பிறகு ஒரு மணித்தியாலம் கார் பனியில நிக்குது. திரும்ப ஏழு நிமிசம். ஹைபிரிட் லாபம் தாறதே எஞ்சினை நிப்பாட்டி வைச்சிருக்கிறதாலதான். ஆனா குளிருக்க ஹீட்டருக்குச் சூடு வேணும், எஞ்சினும் சூடாக வேணும், பற்றரியும் குளிர்ந்துபோய் இருக்கும். அதால எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். சூடாகி முடிய முதல் அம்மா அடுத்த வீட்டு வாசலில நிப்பா.

அமெரிக்க அரசின் கணக்குப்படி, 25 பாகையோட ஒப்பிட்டா −7இல நகரத்து ஓட்டங்களில சாதாரண காரின்ட மைலேஜ் சுமார் 15 சதவீதம் விழும், ஹைபிரிட்டில 30–34 சதவீதம். மைலேஜ் அவ்வளவு விழுந்தா, லீட்டர் கணக்கில 43–52 சதவீதம் கூடும். 4.9 எப்பிடி 7.1 ஆனது என்று விளங்குதா?

அப்ப ஹைபிரிட் ஏமாத்தா? இல்லை. லேபலில 8.5 என்று இருக்கிற சாதாரண காரும் அதே குளிரில 10ஐத் தொடும். சதவீதத்தில அம்மாவின்ட கார் கூட விழுந்தாலும், லீட்டரில இன்னும் அதுதான் குறைவு. காசு மிச்சம்தான். நான் சொன்ன அளவு மிச்சம் இல்லை.

எங்கட தொழிலில பெஞ்ச்மார்க் பார்க்கிற மாதிரித்தான் இதையும் பார்க்க வேணும். இரண்டு புரொசசரை ஒப்பிட பெஞ்ச்மார்க் நல்லது. உங்கட கோட் எத்தனை செக்கனில ஓடும் என்று அது சொல்லாது. நான் ஒப்பிட வைச்ச எண்ணை எடுத்து அம்மாவின்ட மாதச் செலவை எழுதினன். அது என்ட பிழை.

ஆனா லேபலிலயும் ஒரு குறை இருக்கு. குளிர்ச் சோதனையைச் செய்யினம், அதைக் கலந்து மறைச்சுப்போடினம். ஐந்து மாதம் குளிருற நாட்டில "விண்டர்" என்று தனியா ஒரு வரி போட்டா என்ன? ஐரோப்பாவில 2021இல இருந்து புதுக் கார்களுக்குள்ளயே உண்மையான எரிபொருள் செலவைப் பதியிற மீற்றர் கட்டாயம். அந்தத் தரவை வைச்சு 2024இல ஐரோப்பிய ஆணையம் அறிக்கை விட்டது: பெற்றோல், டீசல் கார்கள் சோதனையை விடச் சுமார் 20 சதவீதம் கூடப் புகை விடுது, பிளக்-இன் ஹைபிரிட் மூன்றரை மடங்கு. ஆக்கள் சோதனை நினைச்ச அளவுக்குச் சார்ஜ் போடுறதில்லை என்றது முக்கியமான காரணம். இப்பிடி றோட்டில அளந்த எண்ணை லேபலுக்குப் பக்கத்தில போடச் சொல்லி நாங்களும் கேக்க வேணும்.

அதுவரைக்கும், உங்கட அம்மா அப்பாவுக்குக் கார் பார்க்கப் போறீங்களெண்டா முதல் கேள்வி "எத்தனை லீட்டர்" இல்லை. "ஒருக்கா எடுத்தா எவ்வளவு தூரம் ஓடுவீங்கள்?" என்று கேளுங்க. 401இல ஒவ்வொரு நாளும் 115இல போறவருக்கு வேற கணக்கு: அங்க பிறேக் பிடிச்சு மின்சாரம் சேர்க்க இடமில்லை, காத்தோட மல்லுக்கட்டத்தான் பெற்றோல் போகும்.

டாஷ்போர்ட்டை நம்பாதீங்க. டாங்கை நிரப்புங்க, ஓடுங்க, திரும்ப நிரப்புங்க. இரண்டாவது தரம் போன லீட்டரை ஓடின கிலோமீற்றரால பிரிச்சு நூறால பெருக்குங்க. ஜனவரி எண்ணும் ஜூலை எண்ணும் எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட்டில சேர்த்து வாசிப்பம். அம்மாவின்ட ஜூலை எண் 4.8. அதைச் சொன்னனான். "அப்ப ஜூலையில மட்டும் வேலைக்குப் போறன்" என்றா.