பொது வீடு யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்துக் கிராமங்களில் 'பப்' என்று ஓர் இடம் உண்டு. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. பொது வீடு என்று பொருள். இதைச் சொன்னதுமே நம்மில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்: "என்ன பெயர் வைத்தால் என்ன, குடிக்கிற இடம்தானே?" வேறு சிலர் சுற்றுலா போய்வந்து, கருத்த உத்தரங்களையும் கணப்படுப்பையும் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையையும் வர்ணித்து, "ஆகா, பழமையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்!" என்று மெய்சிலிர்ப்பார்கள். முதலாமவர் பார்த்தது கோப்பையை; இரண்டாமவர் பார்த்தது கட்டடத்தை. வீட்டை இருவருமே பார்க்கவில்லை என்பது என் கட்சி.

உள்ளே போனால் 'என்ன வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டு யாரும் மேஜைக்கு வருவது வழக்கமில்லை. நாமே எழுந்து போய் மேடையருகே நிற்க வேண்டும். நின்றால் பக்கத்தில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசாமல் முடியாது. நாலு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு கணக்கு கிடையாது. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். குடிக்காதவர் காப்பியை வைத்துக்கொண்டு உட்காரலாம்; யாரும் ஏனென்று கேட்பதில்லை. உழைப்பாளிக்கு ஓர் அறை, கனவானுக்கு மெத்தை போட்ட ஓர் அறை என்று அங்கேயும் ஒரு காலத்தில் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். பிறகு பல இடங்களில் நடுச்சுவரை எடுத்துவிட்டார்கள். மனைவியை இழந்த கிழவர் ஒருவர் அரைக் கோப்பை பீரோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவர் வராவிட்டால், "என்ன ஆயிற்று?" என்று கதவைத் தட்டிப் பார்க்க ஊரில் நாலு பேர் இருப்பார்கள். இதற்குக் கடை என்றா பெயர்?

இந்த வீடுகள் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கில் மூடப்பட்டு வருகின்றன. "காலம் மாறிவிட்டது. ஜனங்கள் மலிவாக வாங்கி வீட்டிலேயே குடிக்கிறார்கள். 2007-இல் புகைபிடிக்கவும் தடை வந்துவிட்டது" என்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

பெரிய பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்த 1989-இல் அரசு உத்தரவு போட்டது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் கட்டுப்பாட்டைக் குறைப்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆலைகள் கைவிட்டவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவர்கள், பீரே காய்ச்சாத கம்பெனிக்காரர்கள். பப்பை நடத்தும் குத்தகைக்காரர் வாடகையும் கொடுக்க வேண்டும். பீரையும் கம்பெனி மூலமாக, அது சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். வெளியே மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. இப்படிக் கழுத்தை நெரித்துவிட்டு, 'வியாபாரம் இல்லை' என்று கணக்குக் காட்டினால் அது யார் குற்றம்? வியாபாரம் செத்தால் மனை மிஞ்சுகிறது. இங்கிலாந்தில் 2017 வரை பெரும்பாலான பப்புகளை இடிப்பதற்குத் திட்ட அனுமதிகூடத் தேவைப்படவில்லை!

அனுமதி வேண்டுமென்ற பிறகாவது நிலைமை திருந்தியதா? ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லிக்கு அருகே 'குரூக்கட் ஹவுஸ்' என்று ஒரு பப் இருந்தது. கோணல் வீடு என்று பொருள். பூமிக்கடியில் நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கம் இறங்கிச் சாய்ந்தபடியே நின்றது. 2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி இரவு தீப்பிடித்தது. 7-ஆம் தேதி இயந்திரம் வந்து, மிஞ்சிய சுவர்களையும் தரைமட்டமாக்கியது. திரும்பவும் பழையபடி கட்ட வேண்டுமென்று 2024 பிப்ரவரியில் கவுன்சில் உத்தரவிட்டது. தீயைப் பற்றி நான் பேசவில்லை. அது போலீசார் காரியம். இரண்டே நாளில் இடித்த அந்த அவசரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில், 'ஓல்டு கிரவுன்' பப்பை 2003-இல் ஊராரே பங்கு போட்டு வாங்கினார்கள். யார்க்ஷயரில் ஹட்ஸ்வெல் கிராமத்தின் ஒரே பப்பான 'ஜார்ஜ் அண்டு டிராகன்' 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து அதை வாங்கித் திறந்தார்கள். அங்கே ஒரு சிறு நூலகம், ஒரு மளிகைக் கடை, காய்கறி பயிரிடத் துண்டு நிலங்கள் எல்லாம் வந்தன. நாட்டிலேயே சிறந்த பப் என்று 2016-ஆம் ஆண்டுக்கான விருதும் கிடைத்தது. 'நடத்த முடியாது' என்று கைவிடப்பட்ட இடம்தான் அது!

2011-இல் வந்த சட்டம், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து அவர்கள் பணத்தோடு வந்து நின்றாலும், உரிமையாளர் அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் வைக்கவில்லை. பந்தியில் உட்கார வைத்து இலை போட்டுவிட்டுச் சோற்றை மட்டும் மறந்த கதை இது.

கருத்த உத்தரத்தைப் பார்த்துப் பரவசப்படுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்த உத்தரம் எத்தனை நூற்றாண்டுப் பழசு என்று விசாரிக்கிறீர்களே, அது இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஏன் விசாரிப்பதில்லை? பொது வீடு என்று வாசலில் எழுதினால் போதாது. பத்திரத்திலும் அப்படியே எழுத வேண்டும்.