வீடு மாறியாச்சு... குழந்தையின் பள்ளியில் உங்களுக்கு ஓட்டு இருக்கா?

மே மாதக் கடைசி. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு குடும்பம் சேலத்துக்குக் குடிபோவதாக வைத்துக்கொள்வோம். டாடா ஏஸில் பீரோ, கட்டில், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏறியாச்சு. புது வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. மகன் அரசுப் பள்ளியில் 5-ம் வகுப்பு முடித்திருக்கிறான். மகள் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, இப்போது 2-ம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளுக்கான கட்டணத்தை அரசு கட்டுகிறது.

வண்டி கிளம்பும்போது இந்தக் குடும்பத்துக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மகளின் அந்த இடம் வண்டியில் ஏறாது.

25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்க்கை நடப்பது நுழைவு வகுப்பில் மட்டும்தான். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் எல்.கே.ஜி. சேர்ந்த பள்ளியில் 8-ம் வகுப்பு வரை கட்டணம் இல்லாமல் படிக்கலாம். ஆனால் ஊர் மாறினால், புது ஊரில் இன்னொரு தனியார் பள்ளி அந்தக் குழந்தையை அதே ஒதுக்கீட்டில் 3-ம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சட்டத்தின் 5-வது பிரிவு, வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மாறத்தான். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறுவது அதில் சேராது.

அதாவது, அரசுப் பணம் குழந்தையோடு போவதில்லை. பள்ளியோடும் முகவரியோடும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஓட்டு போடுகிறார்கள்

அரசுப் பணத்தில் தனியார் நிர்வாகம் நடத்தும் பள்ளிகளுக்கு அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகள் என்று பெயர். 1991-ல் மினசோட்டா மாநிலம்தான் இதற்கு முதலில் சட்டம் போட்டது. இந்தப் பள்ளிகள் வேண்டுமா, எத்தனை வேண்டும் என்பதைச் சில மாநிலங்களில் மக்களிடமே வாக்குச்சீட்டில் கேட்டுவிடுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 2012-ல் நடந்த வாக்கெடுப்பில் 50 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டி ‘வேண்டும்’ ஜெயித்தது. மாசசூசெட்ஸில் 2016-ல், இந்தப் பள்ளிகளை அதிகப்படுத்தும் யோசனையை சுமார் 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

நமக்கு முக்கியமானது வாஷிங்டனில் அதன்பிறகு நடந்தது. மக்கள் ஓட்டில் ஜெயித்த அந்தச் சட்டத்தை 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் எளிமையானது. இந்தப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகக் குழுவை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, எனவே பொதுப் பள்ளிகளுக்கான நிதியை இவற்றுக்குக் கொடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே வேறு கணக்கிலிருந்து பணம் ஒதுக்கி அந்த அரசு பள்ளிகளைக் காப்பாற்றிவிட்டது, அது தனிக்கதை. ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. பொதுப் பணம் போகிற இடத்தில் பொதுமக்களுக்கு ஓட்டு இருக்கிறதா?

இதை அப்படியே சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கொண்டுவந்து கேட்டால் என்ன பதில் வரும்?

பள்ளிக்கு ஏற்ப குரல்

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கேட்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது ஆகியவை இதன் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்கள் புதிதாகக் கட்டமைக்கப்பட்டன. அதே ஆண்டு, காலியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் பொறுப்பும் இவற்றிடம் வந்தது. 2024 ஆகஸ்ட்டில் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இதெல்லாம் அரசுப் பள்ளிக்கு. அரசு உதவி பெறும் பள்ளியிலும் குழு உண்டு, ஆனால் 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு 21-வது பிரிவே பொருந்தாது. அங்கே குழுவே கட்டாயமில்லை.

நம் குடும்பத்தைத் திரும்பப் பாருங்கள். மகன் படித்த அரசுப் பள்ளியில் அவன் அம்மா குழுத் தலைவராகவே வந்திருக்க முடியும். மகள் படித்த தனியார் பள்ளிக்கும் அரசு பணம் கட்டுகிறது. ஆனால் அங்கே அதே அம்மாவுக்கு ஒரு ஓட்டுகூட கிடையாது. சீருடை, வேன், புத்தகம், ‘இதர கட்டணம்’ என்று ரசீது நீளும்போது கேள்வி கேட்க மன்றம் இல்லை. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25 சதவீத ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது குழந்தைக்குப் பள்ளிக்கதவு திறந்தது. பெற்றோருக்கு அது இன்னும் திறக்கவில்லை.

2025-ல் இதன் வலி நன்றாகவே தெரிந்தது. சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணம் காட்டி மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வழக்கமாகக் கோடை விடுமுறையில் தொடங்கும் 25 சதவீதச் சேர்க்கை அந்த ஆண்டு தொடங்கவே இல்லை. வழக்கு, வாய்தா எல்லாம் முடிந்து, நிதியில் ஒரு பகுதி வந்த பிறகு அக்டோபரில்தான் சேர்க்கை அறிவிப்பு வந்தது. அதுவும், ஏற்கெனவே அந்தந்தப் பள்ளியில் சேர்ந்து படிக்கும் குழந்தைகளிலிருந்து தேர்வு செய்யும் முறையில். ஜூன் மாதம் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குத்தான் இந்த ஒதுக்கீடே. அவர்கள் ஜூனில் எப்படிச் சேர்ந்திருப்பார்கள்? டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த சண்டையில் ஒரு வருட எல்.கே.ஜி. போய்விட்டது. பெற்றோர் எந்தக் கூட்டத்திலும் கை தூக்கிக் கேட்க வழியில்லாமல் போனது.

முகவரி என்னும் பூட்டு

இந்த ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கவும் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். நாமக்கல் பக்கம் பெரிய பெரிய பள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று யோசித்தால் சிரிப்புதான் வரும். பைபாஸ் ஓரத்தில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவில். ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை கூலிக் குடும்பங்கள் குடியிருக்கும்?

குடிவந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல், அந்த முகவரியை நிரூபிப்பது. ரேஷன் கார்டு பழைய ஊரில், ஆதார் பழைய ஊரில், வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். வாக்காளர் பட்டியலிலும் இதே கதைதான். 2025 இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வரைவுப் பட்டியலிலிருந்து தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் விடுபட்டன. அதில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வந்தவர்கள்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் சட்டமன்றத் தேர்தலோடு நிற்காது. கிராம சபையில் உறுப்பினர் என்பதே அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான். ஆண்டுக்கு 6 முறை கூடும் சபையில் ‘எங்கள் பள்ளிக்குக் கூடுதல் வகுப்பறை வேண்டும்’ என்று தீர்மானம் கொண்டுவர, குடிவந்த குடும்பத்துக்கு உரிமை இல்லை. முகவரி மாற்றப் படிவம் 8 கொடுத்து, பெயர் வந்த பிறகுதான் உண்டு.

நாமக்கல்லைச் சுற்றி அந்தச் சபையே சில இடங்களில் கைவிட்டுப் போகிறது. 2024-ல் நாமக்கல் மாநகராட்சி ஆனது. பக்கத்து ஊராட்சிகள் மாநகராட்சிக்குள் வரும்போது கிராம சபை இருக்காது, நூறு நாள் வேலையும் இருக்காது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இப்படி இணைப்பதை எதிர்த்து கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. நகரத்தில் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, 2022 நவம்பர் 1-ல் முதன்முறையாகக் கூட்டினார்கள். உங்கள் தெருவில் அது எப்போது கூடியது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். இணையாத ஊராட்சிகளிலும் நிலைமை பெரிதாக இல்லை. சேலம், நாமக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது.

6-ம் வகுப்பில் எடுக்கும் முடிவு

இப்போது மகன் விஷயம். சேலத்தில் அவனை 6-ம் வகுப்பு எங்கே சேர்ப்பது? ‘ஒரு வருஷம் பக்கத்துல இருக்கிற மெட்ரிக்ல போடுவோம், அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது வீடு மாறும் பல குடும்பங்கள் எடுக்கும் முடிவு. இந்த ஒரு வருஷத்தின் விலை பெரியது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் எனத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளி என்றாலும் போச்சு. அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இது கிடையாது. ஆனால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஒரே அரசு, இரண்டு விதமான கணக்கு. வீடு மாறும் அவசரத்தில் இதை யார் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்கள்?

மகளுக்கும் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டாயக் கல்வி ஒதுக்கீட்டில் 8-ம் வகுப்பு வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இந்த 7.5 சதவீதத்துக்குள் வருவார்கள். ஊர் மாறியதால் ஒதுக்கீட்டு இடத்தை இழந்து, ‘சரி, நாமே ஃபீஸ் கட்டுவோம்’ என்று புது ஊரில் கடன் வாங்கித் தனியாரில் 6, 7, 8 படிக்க வைத்தால், அந்த வழியும் அடைந்துவிடும். நாளைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு இடத்துக்கு அவள் விண்ணப்பிக்கும்போதுதான் இது தெரியவரும்.

ஒரு காலத்தில் பள்ளிக்காகவே நாமக்கல்லுக்கு வீடு மாறினார்கள். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் 11, 12-க்காக அம்மாவும் பிள்ளையும் தனி வீடு எடுத்துத் தங்கிய குடும்பங்கள் எத்தனையோ. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது, நீட் வந்தது, அந்த வேகம் குறைந்தது. இப்போது இந்த வட்டாரத்துக்குள் வேலைக்காக மாறும் குடும்பங்கள் அதிகம் கண்ணில் படுகின்றன. குமாரபாளையத்துக்கும் எடப்பாடிக்கும் தறிக்காக, கோழிப்பண்ணைக்காக, லாரி பாடி கட்டும் பட்டறைக்காக. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இதில் அடக்கம்.

டி.சி. விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசு அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாறும்போது தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். தாமதமானாலும் அதைச் சொல்லிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது, பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எமிஸ் தளத்தில் குழந்தையின் பெயரைப் பழைய பள்ளி விடுவித்துவிட்டதா என்று மட்டும் வண்டி ஏறும் முன் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. அலைச்சல் அங்கேதான் தொடங்கும்.

முதல் நாளே கிடைக்கும் ஓட்டு

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் முகவரி கேட்பதில்லை. அது அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு. வாக்காளர் அட்டை வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், இந்த ஊரில் எத்தனை வருஷம் என்ற கேள்வியும் இல்லை. குழந்தை அந்தப் பள்ளியில் படிக்கிறதா, நீங்கள் பெற்றோரா, அவ்வளவுதான். நேற்று குடிவந்த தறித் தொழிலாளியும், பட்டறையில் வேலை செய்யும் பீகார்க்காரரும், பரம்பரையாக அதே தெருவில் இருப்பவரும் அந்த அறையில் சமம்.

இந்த ஏற்பாட்டை நீட்டிப்பதில் என்ன தடை? அரசு கட்டணம் கட்டும் குழந்தைகள் உள்ள ஒவ்வொரு தனியார் பள்ளியிலும், அந்தப் பெற்றோர் பங்கேற்கும் ஒரு சிறிய குழுவாவது வேண்டும். ஒதுக்கீட்டு இடம் குழந்தையோடு ஊர் மாற வேண்டும். மாநிலம் முழுக்க எமிஸ் எண் ஒன்றுதான், பள்ளிகளில் காலியிடம் எங்கே என்று கல்வித் துறையால் பார்க்க முடியும். இவை பெரிய செலவு பிடிக்கும் விஷயங்களும் அல்ல.

2024-ல் அமைந்த குழுக்களின் காலம் 2 ஆண்டுகள். எனவே அடுத்த மறுகட்டமைப்பு 2026-ல் வர வேண்டும். கூட்டங்கள் வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கின்றன. ஷிப்டில் இருக்கும் தறிக்காரர்களுக்கும் பண்ணையில் முட்டை பொறுக்கும் அம்மாக்களுக்கும் அது வர முடியாத நேரம். தேர்வு நாளையாவது பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி பள்ளிகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாமே.