தடிமன் காய்ச்சல்தானே என்று இருந்துவிடலாமா?

2024 டிசம்பரில் யாழ். குடாநாட்டில் சிலர் அடுத்தடுத்துக் காய்ச்சலால் உயிரிழந்தபோது, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும்வரை ஊரெங்கும் அச்சம் பரவியிருந்தது. பெயர் தெரியாத காய்ச்சலுக்கு நாம் அஞ்சுகின்றோம். பெயர் தெரிந்த தடிமன் காய்ச்சலையோ பொருட்படுத்துவதில்லை. குழந்தைகள் விடயத்தில் இந்த அலட்சியம் ஆபத்தானது.

இன்புளுவென்சா கண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடுவர். மிக அரிதாகச் சிலருக்கு அது மூளையைத் தாக்குகின்றது. 1995 இல் யப்பானிய வைத்தியர் மிசுகுச்சியும் அவரது குழுவினரும் இதன் மிகக் கொடிய வடிவத்தைத் தனியொரு நோயாக விவரித்தனர். அமெரிக்காவில் 2023 முதல் 2025 வரை இந்நோய்க்கு உள்ளான 41 பிள்ளைகள் பற்றிய ஆய்வொன்று 2025 இல் வெளியானது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். 31 பேர் அதற்கு முன்னர் குறிப்பிடத்தக்க நோய் எதுவும் இல்லாதவர்கள். தடுப்பூசி விபரம் கிடைத்த 38 பேரில் அப்பருவத்துக்கான ஊசியைப் பெற்றிருந்தவர்கள் 6 பேர் மட்டுமே.

பெரும்பாலும் இங்கே கேடு செய்வது மூளைக்குள் புகுந்த வைரசு அன்று. வைரசை எதிர்க்க எழும் உடலின் சொந்தத் தற்காப்பே கட்டுமீறி மூளையை வீங்கச் செய்கின்றது. அதனால்தான் காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள்களிலேயே நிலைமை தலைகீழாகிவிடுகின்றது.

எமது பெற்றோர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று டெங்கு எமக்குக் கற்றுத் தந்திருக்கின்றது. அது நல்ல பாடம். ஆனால் மூளைப் பாதிப்பு மூன்றாம் நாள்வரை காத்திராது. வலிப்பு வந்தபின் தெளியாத பிள்ளை, எழுப்பியும் எழாத பிள்ளை, தாயை அடையாளம் காணாமல் பிதற்றும் பிள்ளை ஆகியோரை அந்தக் கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். காய்ச்சல் வலிப்பு பல குழந்தைகளுக்கு வந்து தீங்கின்றிப் போவதுண்டு. எனினும் அதனைத் தீர்மானிக்கவேண்டியவர் வைத்தியரே அன்றி அயலவர் அல்லர்.

பிள்ளைகளின் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும். டெங்கு எனின் இரத்தப்போக்கையும் கூட்டும். பரசிற்றமோலை அளவறிந்து கொடுத்தால் போதும்.

அரசின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் இன்புளுவென்சா ஊசி இல்லை. வசதியுள்ளவர்களே பணம் கொடுத்துப் போடுகின்றனர். ஆஸ்துமா, இருதய நோய், நரம்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கேனும் அதனை இலவசமாக வழங்குவது நியாயமான முதற்படியாகும். நெடுந்தீவுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1990 அம்புலன்ஸ் குறிகட்டுவான் வரையே வரும். அதற்கு முன்னே ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல் இருக்கின்றது. மணித்தியாலங்களில் முற்றும் நோய்க்கு, வருமுன் காப்பதே தீவகத்தின் முதல் வைத்தியம்.