பேப்பர்தானே, இதுக்கு இவ்வளவு விலையா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கணக்குப் பாடத்தைப் பொறுமையாகக் கேட்டவர்கள் இதையும் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்தி வீட்டு முன்னறையில் லேசர் கட்டிங் மெஷின் வைத்திருக்கிறாள். நகையை அடகு வைத்து வாங்கியது. காகித மாடல் கிட்டுகளுக்கான பாகங்களை அதில் வெட்டி விற்கிறாள். அவள் செய்ததில் எனக்குப் பிடித்தது பழைய பாம்பன் ரயில் பாலம். 1914-இல் திறந்த பாலம் அது. கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டிருந்ததே, அந்த ஷெர்சர் தூக்குப் பகுதிதான் மாடல். அந்த இரும்புப் பின்னலை அட்டையில் கத்தியால் வெட்டிப் பாருங்கள். பத்தாவது ஓட்டையில் கை நடுங்கும்.

ஒரு செட் விலை 250 ரூபாய் வைத்திருந்தாள். போன வருடம் வீட்டுக்குப் போனபோது நான் கேட்டது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "பேப்பர்தானேம்மா, இதுக்கு 250-ஆ? வாத்தியாருக்கு என்ன விலை?" அவள் சிரித்துக்கொண்டே 150 வாங்கிக்கொண்டாள். நானும் ஏதோ சாமர்த்தியம் செய்தவன் போல பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் முன்பு மெஷின் விற்பனைக்கு என்று அவள் போட்ட பதிவைப் பார்த்தேன். போன் செய்தேன். "ஆர்டர் வருது சார், கையில காசு நிக்க மாட்டேங்குது" என்றாள். மறுநாளே நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன்.

அவள் கணக்கு இது. அட்டை 40, கரண்ட் 10, கவரும் பேக்கிங்கும் 20. ஆக 70 ரூபாய். கடைக்காரர் கமிஷன் 30 சதவீதம், அதாவது 75. இரண்டும் போக மீதி 105 லாபம். தப்பில்லாத கணக்கு மாதிரித்தான் இருந்தது.

"ஒரு செட் வெட்ட எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "22 நிமிஷம் சார்." "அந்த நேரம் நீ என்ன செய்வாய்?" "பக்கத்துலயே நிப்பேன் சார்."

ஏன் நிற்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. லேசர் அட்டையைக் கத்தி போல அறுப்பதில்லை, எரித்துத்தான் வெட்டுகிறது. சூடு கூடினால் ஓரம் பழுப்பாகும், குறைந்தால் பாகம் பிரியாது. காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பேப்பர் என்பதால் தீப்பிடிக்கும் பயம் உண்டு, விட்டுவிட்டு அடுப்படிக்குக்கூடப் போக முடியாது. மழைக்காலத்தில் அட்டை ஈரம் பட்டு வளைந்தால் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் வெட்டாது. கதிர் போகும் கோட்டிலேயே ஒன்றிரண்டு பத்தில் ஒரு மில்லிமீட்டர் அட்டை எரிந்து போய்விடும். அதையும் கணக்கில் வைத்து வரையாவிட்டால் செருகும் இடமெல்லாம் லொடலொட என்று ஆடும். அதனால்தான் ஒரு மாடலை வரைந்து, வெட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி வெட்டி முடிக்க அவளுக்கு 60 மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்த 60 மணி நேரத்துக்கு அவள் கணக்கில் ஒரு பைசா இல்லை.

இப்போது என் கணக்கு. வெட்ட 22 நிமிடம், பிரித்துச் சரிபார்த்துக் கட்ட 18 நிமிடம், ஆக 40 நிமிடம். மணிக்கு 120 ரூபாய் கூலி என்றால் 80. லேசர் ட்யூப் ஒருநாள் தீர்ந்துபோகும் பொருள், லென்ஸ் தேயும், நகைக்கு வட்டி ஓடும். அதற்கு 40. வரைந்த 60 மணி நேரத்துக்கு அதே கூலிப்படி 7,200. 120 செட் விற்கும் என்று வைத்தால் செட்டுக்கு 60. எட்டில் ஒன்று வீணாகிறது, அதற்கு 20. பழைய 70-ஐயும் சேர்த்தால் 270. கடைக்குக் கொடுத்தது போக அவள் கைக்கு வந்தது 175. ஒவ்வொரு செட்டுக்கும் 95 ரூபாய் கையை விட்டுத்தான் போட்டிருக்கிறாள். என்னிடம் வாங்கிய 150-இல் கடைக் கமிஷன் இல்லைதான். இருந்தாலும் 120 நஷ்டம். வாத்தியாரின் சாமர்த்தியம்!

விலை 450 வைக்கச் சொன்னேன். கமிஷன் போக 315 வரும், 45 மிஞ்சும். இது பேராசை இல்லை. அடுத்த ட்யூபுக்கும் அடுத்த டிசைனுக்கும் எடுத்து வைக்கும் விதைநெல்.

"அப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எப்படி சார் வாங்குவாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. போலந்து நாட்டில் 1950-களிலிருந்தே 'மாவி மொடெலாஷ்' என்ற பத்திரிகை காகித மாடல்களை அச்சடித்துத் தந்திருக்கிறது. அங்கே இன்றைக்கும் மாடல் புத்தகம் தனி, உள்ளே வைக்கும் எலும்புக்கூட்டை லேசரில் வெட்டிய பாக்கெட் தனி. அந்த எலும்புக்கூட்டின் படம் புத்தகத்திலேயே இருக்கும். பொறுமை உள்ளவன் கையால் வெட்டிக்கொள்வான், நேரமில்லாதவன் காசு கொடுத்து வாங்கிக்கொள்வான். நாமும் அப்படிச் செய்யலாம் என்றேன். தூக்குப் பகுதியையே பின்னல் ஓட்டைகள் இல்லாமல், கோடாக மட்டும் அச்சடித்த தாள் 60 ரூபாய். பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டட்டும். கோணல்மாணலாக வரட்டும். கைக்கும் கண்ணுக்கும் அதைவிட நல்ல பயிற்சி நான் எந்த வகுப்பிலும் கொடுத்ததில்லை.

குழந்தைகளுக்காக என்று சொல்லி ஒரு பெண்ணின் உழைப்பை மலிவாக்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எளிமையான பொருளை மலிவாகக் கொடுக்கலாம். கூலியைக் குறைத்துக் கொடுக்கக் கூடாது.

புது விலை வைத்து இரண்டு மாதம் ஆகிறது. முன்பு மாதம் 20 செட் போனது, இப்போது 11 போகிறது. ஆனால் அந்தப் 11-இல் நஷ்டம் இல்லை. மெஷின் விற்பனைப் பதிவை இப்போதைக்கு எடுத்திருக்கிறாள். நிலைக்குமா என்று ஆறு மாதம் போனால்தான் தெரியும்.

நான் பாக்கி 300-ஐ நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டாள். அதனால் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு செட் முழு விலைக்கு வாங்கி வந்தேன்.

உங்களில் பலர் கையால் செய்து விற்கிறீர்கள். தையல், கேக், மாலை, டிசைன். இன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்து, நீங்கள் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்குகிறவர்கள், "பேப்பர்தானே", "துணிதானே", "மாவுதானே" என்று கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டுவிட்டேன். நீங்கள் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்